முப்பத்தெட்டாவது சுற்றில்

இயந்திரத்துக்கு நீளமான கம்பனிப் பெயர் ஒன்று உண்டு.
நாங்கள் "சின்னவர்" என்றுதான் சொல்வோம்.
மட்டக்களப்பு ஆசுபத்திரி, இரண்டாம் மாடி,
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
விடிய விடிய முனகிக்கொண்டிருப்பார்.

அவருடைய கணக்கு தலைகீழ்.
பதினாறு என்றால் கிருமி குவிந்து கிடக்கிறது.
முப்பத்தாறு என்றால்
அரிசிக்குள் கல்லாகத் தேடிப் பொறுக்கியது.
ஏறாவூரிலிருந்து ஒரு தாய் கேட்டாள்:
"பதினாறுதானா மிஸ்? மறுகா பயமில்லைத்தானே?"
மகன் கணக்கில் பதினாறு எடுத்திருந்தால்
அகப்பையைத் தூக்கியிருப்பாள்.

நான் கிருமியை எண்ணுவதில்லை.
ஒன்றை இரண்டாக்கி இரண்டை நாலாக்கி
எத்தனையாம் சுற்றில் கோடு எழும்புகிறது என்று
காவல் இருப்பேன், அவ்வளவுதான்.
பதினாறுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவில் இருபது சுற்று,
பத்து லட்சம் மடங்கு.
படிவத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் என்று
அந்தச் சொல் சொல்லாது.
பொத்துவில் பெட்டியின் ஐஸ்
கல்லாறு தாண்ட முன்னமே தண்ணீரானதைச் சொல்லாது.
காரைதீவில் ஒரு பொடியன் தலையைக் கிறுக்கிவிட,
குச்சி மூக்கு வாசலோடு திரும்பி வந்ததையும்.
குச்சி பிடித்த நபீல்
மூன்று நாளாய்ப் படுக்கவில்லை.
கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால்
ஒரு மிடறு வியர்வை ஊற்றும்.

நானூற்றுப் பதினேழு.
மீராலெவ்வை, எழுபத்தொன்று, சாய்ந்தமருது.
நெஞ்சு வலி என்று ஏற்றி வந்தவர்,
ஆரையம்பதியில் வாகனத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.
சட்டப்படி குச்சி எடுத்தார்கள்.

முப்பத்தேழு தசம் எட்டு.
ஒரு கோடு எழும்பியது, மற்றது தட்டையாய்க் கிடந்தது.
இன்னொரு கோடும் இருக்கிறது,
குச்சி உண்மையாகவே ஆளைத் தொட்டதா என்று பார்க்க.
அதுவும் பிந்தித்தான் வந்தது.
கிருமிதான் குறைவா,
குச்சியில் மனிதர்தான் குறைவா?
போன மாதம் இருமியதன் உடைந்த துணுக்கா இது,
நேற்றுப் புகுந்ததன் முதல் காலடியா?
உயிருள்ளதையும் செத்ததையும்
சின்னவர் ஒரே மாதிரித்தான் பெருக்குவார்.

திரும்ப ஓட்டினேன். மூன்றரை மணித்தியாலம்.
பிரேத அறைக்கு வெளியே மகன் நிற்கிறான் என்று
தர்சினி இரண்டு தரம் வந்து சொன்னாள்.
இரண்டு தரமும் எனக்குக் கேட்காத மாதிரி.

முப்பத்தெட்டு தசம் ஒன்று.
இந்த முறை இரண்டு கோடும்.
நாற்பதுக்குக் கீழே என்றால் ஓம் என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது, ஓரம் மஞ்சளாகி.

அந்த வருசம் அந்தச் சொல்லுக்கு
ஒரு அர்த்தம் கூடவே இருந்தது:
மையித்துக்கு மண் இல்லை, நெருப்பு.
எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம்.
அப்பாவுக்கு நான் பார்த்திருக்கக் கொள்ளி வைத்தார்கள்.
அதனால் இது எனக்குப் பெரிதாய்த் தெரியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

சொல்லை அடித்தேன். கையொப்பம் வைத்தேன்.
எண் எழுத இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், பிறகு அழித்தேன்.
அழித்த தடம் அப்படியே தெரிந்தது.

ஐந்து நாற்பதுக்குத் தேத்தண்ணிக்கு இறங்கினேன்.
நுஸ்கி என்று பெயர் சொன்னான்,
இருபத்தைந்து வயசிருக்கும்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
கையில் வாப்பாவின் மூக்குக் கண்ணாடி,
ஒரு பக்கத் தண்டில் நூல் சுற்றியது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"நீங்கதானே மிசின் பாக்கிற. எவ்வளவு இருந்திச்சி?"

சொல்லக்கூடாது. சொன்னேன்.
"கொஞ்சம்."

துடைப்பதை நிறுத்தினான்.
"கொஞ்சத்துக்குமா?"