நகத்தளவு

திரைச்சீலை தைக்கிறவளுக்கு
வீடுகளில் ஜன்னல்தான் பழக்கம்.
சுவரைப் பார் என்று யாரும் கூப்பிடுவதில்லை.
நானாகத்தான் பார்த்தேன்.

முதலில் பார்த்தது மேல் குன்னூரில்,
முத்தண்ணா அம்மாவின் பங்களாவில்.
சாப்பாட்டு அறைச் சுவரில் பொன்முலாம் வட்டம்,
உச்சியில் சிறகு விரித்த கழுகு,
விளிம்பெல்லாம் கோலிக்குண்டளவு உருண்டைகள்.
எண்ணினேன், பதினேழு.
உதிர்ந்த இரண்டின் தழும்பு தனி.
நடுவில் கண்ணாடி
நிறைமாத வயிறுபோல முன்னால் தள்ளிக்கொண்டு.
இருநூறு வயது என்றார்கள்.
ரசம் கறுத்து
ஓரத்தில் மிளகு தூவியிருந்தது.

அறை மொத்தமும் அதற்குள் இருந்தது.
பன்னிரண்டு நாற்காலி, அணைந்த கணப்பு,
மூன்று ஜன்னல், அவற்றுக்கு வெளியே
வில்லாக வளைந்த தேயிலைச் சரிவு.
ஒரு மூலையில், கழுத்தில் டேப் தொங்க,
எறும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக நான்.

அம்மா எனக்கு முதுகு காட்டி
சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.
தலை திரும்பவில்லை.
"மரியபுஷ்பம், அந்தக் கரண்டியை
இருந்த இடத்திலேயே வை."

கரண்டியை எடுத்தது உண்மை.
காம்பில் கொடி எப்படிச் செதுக்கியிருக்கிறது என்று
பார்க்க எடுத்தேன், அதுவும் உண்மை.
கண்ணாடிக்கு முதல் உண்மை மட்டும் தெரியும்.

பரிமாறுகிறவன் யார் முகத்தையும் பார்க்காமல்
எந்தத் தட்டு காலி என்று பார்த்துக்கொள்ள
அந்தக் காலத்தில் மாட்டியதாம்.
அம்மாவே பிறகு சொன்னார்,
பேச்சை மாற்றுவதற்காக.

அடுத்தது கட்டபெட்டு தாண்டி ஒரு புதுவீடு.
பெங்களூர்த் தம்பதி.
அங்கே ஒன்றில்லை, ஒன்பது.
பித்தளை விளிம்பு வைத்து, சுவரில் சிதறவிட்டு,
ஒன்று தாம்பாளம், ஒன்று தோசை, ஒன்று அப்பளம்,
கடைசி ஐந்து ரூபாய் நாணயம்.
"அறை பெரிசாத் தெரியும்" என்றார் அவர்.
எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது,
ஒன்பது தடவை.
அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து
மூக்கு மட்டும் முந்திக்கொண்டு வருகிறதென்று
முகம் சுளித்தாள்.
ஒன்பது மரியபுஷ்பம் ஏணியில் ஏறினோம்.
கூலி ஒருத்திக்குத்தான்.

பர்லியாறு இறங்கும் வளைவுகளில்
கம்பத்தின் மேல் நிற்கிறதும் இதே ஜாதிதான்.
அதை யாரும் அழகு என்பதில்லை.
லாரி வருகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உதிரிபாகக் கடையில்
வண்டியில் ஒட்டுகிற குட்டி வட்டம்,
ஜோடி தொண்ணூறு ரூபாய்.
ஒன்றை எதிர்வீட்டு ஆட்டோவுக்குக் கொடுத்தேன்.
இன்னொன்று என் மிஷினுக்கு மேலே, சுவரில்.
சுற்றிலும் மிச்ச ஜரிகை.
திரைச்சீலைக் குஞ்சத்திலிருந்து அவிழ்த்த மணிகள்
பதினேழு கோத்து ஒட்டினேன்.
கழுகு கிடைக்கவில்லை.
எப்போதாவது பல்லி வந்து உட்காரும்.

வெளிச்சத்துக்காகக் கதவுக்கு முதுகு காட்டித்தான்
தைக்க உட்காருவேன்.
இப்போது கதவு எனக்கு முன்னால் இருக்கிறது.
தண்ணீர் டிரம், சந்து, சவரிமுத்து வீட்டு ரோஜா,
மூன்று மணிக்கு மேல் ஒன்றொன்றாக
அவற்றைத் தின்கிற பனிமூட்டம்,
எல்லாம் ஒரு பொட்டுக்குள்.

போன வியாழன் அந்தப் பொட்டு இருண்டது.
நகத்தளவு காட்டெருமை.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை,
வாசற்படியில் ஒரு குளம்பு.
சின்னதாகத் தெரிந்தால் தூரம் என்று நம்புகிற புத்தி
ஒரு நிமிடம் நம்பியது.
அப்புறம், மென்ற புல்லின் சூடு
பிடரியில் பட்டது.

மிதிப்பதை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் என் மூச்சு அதற்குக் கேட்கும்.
திரும்பவும் இல்லை.
சீட்டு அடுக்குகிறவர் குரலில்,
எங்கிருந்து வந்ததோ,
"தோலெல்லாம் வெளியே வாளியில இருக்கு" என்றேன்.

அது யோசித்தது.
நகம் பாதி நகமாகி, பிறைக்கீற்றாகி,
கதவு மறுபடி வெளுத்தது.
வாளி உருளும் சத்தம் கேட்டது.

அந்த ஒரு முழம் மட்டும் தையல் கோணல்.
பிரித்துத் தைக்கவில்லை.
பெங்களூர் வீட்டுக்குப் போகிற சீலை அது.
ஒன்பது கண்ணாடி இருக்கிறதே,
ஏதாவது ஒன்றில் நேராகத் தெரியட்டும்.