மேற்கு வரப்புக் கேந்தி

காற்றாலைகள் கை ஓயும் மாதம் பார்த்துத்தான்
இந்தப் பருத்தியைப் போட்டேன்.
ஆடியில் என்றால்
நான் விடுகிற குளவி
முப்பந்தல் தாண்டி, காவல்கிணறு தாண்டி
அடுத்த மாவட்டத்துக்காரன் வயலில் போய்
வேலைக்கு நிற்கும்.

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே
அறுபது சென்ட். பாட்ட நிலம்.
பத்து வரிசைப் பருத்திக்கு ஒரு வரிசை தட்டப்பயறு:
அசுவினி அங்கே பந்தியில் உட்காரும்,
பின்னாலேயே பொறிவண்டு வந்து
பந்தியையே தின்னும்.
மூலைக்கு மூலை ஆமணக்கு.
நாலு வரப்பிலும் கேந்தி.

உரக்கடைத் தாணுலிங்கம்
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கறுப்பு ரவையைத் தூவி ஒட்டினது மாதிரி இருக்கும்.
"இதென்ன மைனி, ரேஷன் கார்டா?"
"ஆமா அண்ணே. இருபதாயிரம் பேர் பதிஞ்சிருக்கு."
அவர் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஒரு நீலப் பாட்டிலை
என் பக்கம் அரை அடி நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் அட்டையைக் கிழித்து
இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் அடித்தேன்.
எறும்பு ஏறாமல் இருக்கத் தண்டில் கிரீஸ்.
மறுநாள் காலையில்
எதுவும் பறக்கவில்லை,
அல்லது பறந்ததை நான் பார்க்கவில்லை.
தூசியை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறேன்
என்று தோன்றிற்று.

மார்கழி இருபத்தேழு. ராத்திரி ஒன்பது மணி.
தோவாளைச் சந்தையிலிருந்து ஆவுடைநாயகம்:
"கேந்தி நூத்தி நாப்பது.
மூணு மணிக்குள்ள வந்தா ரொக்கம்."

டார்ச்சோடு வரப்பில் நடந்தேன்.
அந்துப்பூச்சிகள் பருத்தியைக் கடந்து
மஞ்சளைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தன.
ஒரு பூவைப் பிய்த்தேன்,
இதழுக்குள் தலை நீட்டினது பச்சைப் புழு.
வேலை நடக்கிறது.
வேலையை அறுத்து விற்கலாமா?

பாட்டப் பாக்கி இரண்டாயிரம்.
மேற்கு வரப்பு மட்டும், என்று எனக்கு நானே சொல்லி
பூவுக்குப் பூ உதறி உதறிக் கிள்ளினேன்.
பதினெட்டு கிலோ.
இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.
பாக்கி போக மிச்சத்துக்கு
இன்னும் இரண்டு அட்டை.

பொங்கலன்று நாகர்கோவில் பஸ்.
முன் கண்ணாடிக்குக் குறுக்கே கேந்தி மாலை.
வெள்ளமடம் வளைவில்
மாலையிலிருந்து ஒரு புழு
நூல் விட்டதுபோல் தொங்கி
ஓட்டுநரின் வெற்றிலைப் பொட்டலத்தில் இறங்கிற்று.
என் கண் தப்பினது.
என்னுடையதுதான் என்று நான் சொல்லவில்லை.
கண்டக்டர் வந்தார், ஒரு டிக்கெட் எடுத்தேன்.

தை பத்து.
வாட்ச் ரிப்பேர் செல்லக்கண்ணிடம்
கண்ணில் இடுக்குகிற கண்ணாடியை இரவல் வாங்கி
மேற்கு வரிசையில் குனிந்தேன்.
ஓட்டை விழுந்த காய் நாற்பத்தொன்று.
என் பூ விற்ற கணக்கில் இதையும் எழுத வேண்டும்.
இலைகளில் முட்டைகள்:
வெள்ளை வெள்ளையாய் சில, அவை புழுவுக்கு.
கறுத்துப்போனவை
உள்ளே குளவி குடியேறினவை.
கறுப்பை எண்ணத் தொடங்கினேன்.
வெயில் ஏறி
கண்ணாடிக்குள் வியர்வை இறங்கிற்று.
நூற்றுப் பத்தோடு விட்டேன்.
இன்னும் இருந்தது.