மணிக்கொரு துளி

தூலிக்கி முதலில் வெல்டிங் பொறியைத்தான் சந்தேகப்பட்டாள்.
ரௌமாவில் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடம்,
முகமூடியை ஒருநாளும் மறந்ததில்லை.
ஆனாலும் இடது கண் சிவந்து
பின்லாந்து ஜனவரியின் கொஞ்சூண்டு வெயிலும்
ஊசியாய் இறங்கியது.

"வெளியிலிருந்து எதுவும் வரவில்லை"
என்றார் டாக்டர் ஐனிக்கி,
ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்தியபடி.
கீற்றில்
சினிமாக் கொட்டகை விளக்கில் மிதக்கும் தூசிபோல
வெள்ளணுக்கள். காவலுக்கு வந்தவை.
திருடன் யாருமில்லை,
வேலி பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.
கண்மணியின் வட்டம் லென்ஸில் ஒட்டி
கடித்த பிஸ்கட்டாய்க் கோணியிருந்தது.
அதை விரிக்க ஒரு மருந்து.

மற்றது பால் நிறம்.
'குலுக்கவும்' என்று சீட்டில் இரண்டு அடிக்கோடு.
குலுக்காவிட்டால் மருந்து அடியில் தூங்கும்,
வெறும் தண்ணீர் கண்ணுக்குப் போகும்.
விழித்திருக்கும்வரை மணிக்கொரு துளி.
சொட்டிய சற்றைக்கெல்லாம் தொண்டையில் கசப்பு.
கண்ணிலிருந்து நாக்குக்கு
இப்படியொரு சந்து இருப்பது
அவளுக்கு இதுவரை தெரியாது.

ஸ்டீராய்டு யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.
அணுவின் உட்கருவரை நடந்து
அபாயச் சங்கின் கம்பியைக் கழற்றுகிறது.
சங்கு ஓய்கிறது.
கசிந்த நாளங்கள் வாய் மூடுகின்றன.
புதிதாய் யாரும் படியேறி வருவதில்லை.

ஆறாம் நாள் கண் வெளுத்தது.
புட்டியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து மறந்தாள்.
மறந்தாள் என்பது பொய்.
"குணமானவளுக்கு மருந்தெதற்கு" என்று
ரெய்யோவிடம் சொன்னதை நானே கேட்டேன்.
பத்தாம் நாள் விடியலில்
மறுபடி சங்கு.

இந்த முறை தாளில் கட்டம் போட்டாள்.
எட்டு, ஆறு, நாலு,
தாவாமல், படிபடியாய்.
மூன்றாம் வாரம் நீல விளக்கு கண்ணைத் தொட்டுச் சொன்னது:
அழுத்தம் முப்பத்தொன்று.
வலியில்லை, சிவப்பில்லை, ஒன்றுமேயில்லை.
தீயை அணைத்த கை
கண்ணை இறுக அணைக்கவும் செய்திருக்கிறது.
சிலர் கண்ணுக்கு அப்படித்தானாம்.
நிறுத்தவும் முடியாது இப்போது.
மஞ்சள் மூடிப் புட்டி ஒன்று வந்தது,
முந்தையது செய்ததைச் சரிக்கட்ட.

மாலை நான்கு. வெளியே கடல் கட்டியாகிக் கிடக்கிறது.
கையுறையைக் கழற்றி,
பாதிக் கப்பலின் அடிவயிற்றில் சாய்ந்து,
புட்டியைக் குலுக்குகிறாள். பத்துவரை எண்ணி.
ரெய்யோ தன் டார்ச்சை அணைத்துவிட்டு நிற்கிறான்.
துளி விழும்வரை
எங்கள் பக்கத்தில் யாரும் பற்றவைப்பதில்லை.