இருநூற்று ஐம்பத்திரண்டு சிங்கிள்

குடியாத்தம் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம்.
லத்தேரி வளைவில் கம்பியில் சாய்ந்தபடி
கண்ணை மூடிச் சில்லறை எண்ணுவேன்.
விழுகிற சத்தத்திலேயே
இரண்டா ஐந்தா தெரியும்.

பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் குழி வழியாக
டிக்கெட் எடுக்காத ஒன்று ஏறியிருக்கிறது.
சாயங்காலமானால் குளிர். விடிந்தால்
காக்கிச் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்வை.
கே.வி.குப்பம் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வாங்கி
இரண்டு மாதம் அதற்கு உட்கார இடம் கொடுத்தேன்.

வேலூரில் மூன்று இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார்கள்.
திரையில் என் வால்வு,
அதன் ஓரத்தில் தொற்றிக்கொண்டு ஆடுகிற ஏதோ.
"செடி மாதிரி முளைத்திருக்கிறது"
என்றார் டாக்டர் பெனினா.
சித்திரை மாதம். பாலாற்றில் புல்கூட இல்லை,
இங்கேயா முளைக்கிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பென்சிலின். நாலு மணிக்கு ஒருதரம். ஆறு வாரம்.
விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்:
இருநூற்று ஐம்பத்திரண்டு சிங்கிள்.
ஒன்றையும் கட் பண்ண முடியாது.

ராத்திரி இரண்டு மணி சிங்கிளில்
விழித்திருப்பது நானும், நர்ஸும்,
பக்கத்துப் படுக்கை நிதாயும்.
மால்டாவிலிருந்து வந்து காட்பாடியில் இறங்கியவர்.
எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சு
இன்றைக்கு எந்தக் கையில் நரம்பு கிடைத்தது என்று
தூக்கிக் காட்டுவது.

பதினோராம் நாள் காய்ச்சல் விட்டது.
பசித்தது.
லாட்ஜ் ஸ்டவ்வில் கடைந்த கீரையோடு
பச்சையம்மா வந்தாள்.
வாடகை தினம் முன்னூற்றைம்பது,
போய்விடலாம் என்றேன்.
டிபன் மூடியைத் திறக்காமல் சொன்னாள்:
"கதவாண்ட நின்னுகினு எத்தினி பேர திட்டியிருப்ப,
ஸ்டாப்பிங் வராம எறங்காதன்னு."

கூடவே ஏற்றிய இன்னொரு மருந்து
இரண்டு வாரம்தான் இருந்தது.
போகும்போது காதிலிருந்து
கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.
அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான்
கையெழுத்து வாங்கினார்கள். குற்றமில்லை.

கடைசி நாள் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து
வெகுநேரம் கேட்டார்.
கிருமி இல்லை, சத்தம் மட்டும் இனி இருக்கும் என்றார்.
என்ன சத்தம்?
"விசில் மாதிரி."

ஆவணியில் டியூட்டி ஏறினேன்.
காட்பாடி ஸ்டாப்பில் கடைசி ஆள் ஏறியதும்
ஊதுகிறேன். எனக்குக் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பூக்கடை
பின்னால் போகத் தொடங்குவதைப் பார்த்து
ஊதியிருக்கிறேன் என்று
தெரிந்துகொள்கிறேன்.