இருபத்து நான்கில் ஒரு பங்கு

போ நதிமேல் மூடுபனி. தூரினில் ஞாயிறு.
ஒத்தாவியோவின் சமையல் மேசையில்
ஒரே காரின் மூன்று பெட்டிகள்.

ஜப்பான் பெட்டியில் எல்லாம் சொடுக்கென்று உட்காரும்,
பசைகூட மரியாதைக்குத்தான்.
கூரை மட்டும் அரை மில்லிமீட்டர் தூக்கல்;
நிஜக் காரில் அது ஏறக்குறைய ஒரு விரல்கடை.

ஜெர்மன் பெட்டி
எஞ்சினுக்கு எஞ்சின், வயருக்கு வயர்.
கதவுதான் மூடாது.

மூன்றாவது ஊர்பேர் தெரியாத கம்பெனி.
விளிம்பெல்லாம் பிசிறு,
சக்கரம் நாலும் நாலு திக்கு,
தண்ணீரில் போட்டதும் ஸ்டிக்கர் கரைந்தே போனது.
ஆனால் அந்த உடம்பு!
விளக்கை அணைத்து
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான்.
வெளிச்சம் பானட்டில் ஏறி
இடுப்பில் வழுக்கி
வால்வரை தடங்கலின்றிப் போய்
நின்றது.

"இடது பின் மட்கார்டில் ஒரு பள்ளம், எர்சீலியா.
அச்சு கோணல். ரெண்டு மார்க் கழி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு
விரல்நுனியால் தேடினேன்.

பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம்
சுவரில் உரசிக்கொண்டு வந்த வண்டி.
வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோள் விட்டுப்போயிருந்தது.
தட்டியது போதுமென்று பட்டி தடவி
சிவப்படித்து அனுப்பினேன்.
பிறகு ஏதோ காட்சிக்கூடத்தில் நிற்பதாகக் கேள்வி.

யாரோ போய் அளந்திருக்கிறார்கள்,
ஒன்றையும் விடாமல்.

ஒத்தாவியோ பென்சிலோடு காத்திருந்தான்:
"அப்போ மார்க்கை யாரிடம் கழிக்க?"

உப்புத்தாளை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது.
பிறகு ஜப்பான் காரை இழுத்து
அதன் கூரையைத் தேய்க்கத் தொடங்கினேன்.