நாலு இஞ்ச் குழாய்

தண்ணீர் போகாத குழாய் வேண்டுமென்று
அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

காரைக்குடி செக்காலை ரோட்டில் கடை.
மதியம் இரண்டு மணி. முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
அண்ணன் மணிவிழாவுக்குப் பினாங்கிலிருந்து வந்திருந்த
உமையாள் ஆச்சி
நாலு இஞ்சில் ஐந்தடி என்றார்.
"எத்தனாவது மாடிக்கு ஆச்சி?"
"மாடிக்கில்லப்பா. பிளேனுக்கு."

துணிப்பையை அவிழ்த்தார். தூண்டில்கள்.
ஏறும்போது மூன்று,
திருச்சியில் பெல்ட்டில் வரும்போது இரண்டரை.
ஒடிந்த நுனியைக் கையில் தந்தார்.
விளக்குமாற்று ஈர்க்கை விட மெல்லிசு.
விலையும் சொன்னார்.
என் இரண்டு மாதச் சம்பளத்தை
மெதுவாகக் கீழே வைத்தேன்.

கடைத் தரையிலேயே உட்கார்ந்து கட்டினார்.
ஒன்றின் நுனி மேலே என்றால் மற்றதின் நுனி கீழே,
சண்டைக்காரச் சகோதரர்களைப்
பாயில் படுக்க வைப்பது போல.
சைக்கிள் டியூபை வளையமாய் நறுக்கி
மூன்று இடத்தில் மாட்டினார்.
சுற்றிலும் துண்டு. இரு முனையிலும்
பழைய கார் சீட்டிலிருந்து அறுத்த ஸ்பாஞ்சு.
குழாயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து,
"சத்தம் வந்தா நுனி போச்சுன்னு அர்த்தம்."
வரவில்லை.
முள்ளெல்லாம் பல்பொடி டப்பாவில், பெரிய பெட்டிக்குள்.
ரீல் இரண்டும் காலுறைக்குள், கைப்பையில்.

"ஒரு பக்கம் ஒட்டு சேவுகா.
இந்தப் பக்கம் சும்மா மூடு போதும்."
சொன்னது காதில் விழுந்தது.
ஆனால் கைக்குக் காது கிடையாது.
பத்தொன்பது வருஷமாய்
கசியக்கூடாது, கசியக்கூடாது என்றே பழகிய கை.
அவர் காசெடுக்கத் திரும்பிய நேரம்
பிரஷ்ஷைத் தொட்டு, தடவி, அழுத்தி, அரைத் திருப்பு.
இரண்டு பக்கமும் கல்.

மூடியிலிருந்தே தொடங்கி
குழாய் நீளத்துக்கு மார்க்கரில் பேர் எழுதினார்.
உமையாள், பினாங்கு.

மறுநாள் ராத்திரி ஏழேகாலுக்கு
டிரைவர் அடைக்கலம் போன்.
"ஏர்போர்ட்ல திறக்கச் சொல்றாக. வரமாட்டேங்குது."
பின்னால் ஆச்சி குரல். திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

சுவிட்ச் போட்டது போல் உள்ளங்கை வியர்த்தது.
கண்ணை மூடினேன்.
குழாய்க்குள் படுத்துப் பார்த்தேன்.
மூடி, ஸ்பாஞ்சு, துண்டு, அப்புறம் நுனி.
"பேர் எழுதின பக்கம்.
நாலு விரக்கடை. அதுக்கு மேல அறுத்தா
அவுக கை ஒடிஞ்ச மாதிரி."

வாசலில் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பையனிடம்
ரம்பம் வாங்கினானாம்.
போனைக் கீழே வைக்கவே இல்லை.
காரைக்குடியில் நின்றுகொண்டு
திருச்சியில் அறுபடுவதைக் கேட்டேன்.
நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது.
என் மூச்சும்.
"ஸ்பாஞ்சுதாண்ணே" என்றான். பிறகு மறுபடி கர், கர்.

காக்கிச் சட்டைக்காரர் உள்ளே கைவிட்டுப் பார்த்து
"இதுக்கா இத்தனை கட்டுமானம்" என்றாராம்.
தன் மேசையிலிருந்த டேப்பையே எடுத்து
வாயை அவரே ஒட்டித் தந்தாராம்.

காலையில் முதலாளி கேட்டார்:
"குழாய்ல என்னமோ பிரச்சினையாமே. கசிஞ்சுச்சா?"
"இல்ல முதலாளி. கசியல.
அதான் பிரச்சினை."

நாலு நாள் கழித்து ஆச்சியிடமிருந்து ஒரு வரி வந்தது.
'ரெண்டு நுனியும் சுகம்.'
மீன் பிடித்தாரா, கேட்கவில்லை.
அது என் துறையில்லை.

அறுத்த துண்டை அடைக்கலம் கொண்டுவந்து தந்தான்.
ஒரு பக்கம் அடைத்தது, ஒரு பக்கம் திறந்தது,
ஆச்சி கேட்டபடியே.
கல்லாப் பக்கம் நிற்கிறது,
பேனா, பென்சில், டெஸ்டர் எல்லாம் அதில்தான்.
மேலே 'உமை' என்றிருக்கிறது.
மிச்சமுள்ள 'யாள்'
கடல் தாண்டி
ஏதோ ஒரு படகில் சாய்ந்திருக்கும்.