செடியா

சாங்கி கடற்படைத் தளம். காலை ஒன்பது பத்து.
ஹெலிகாப்டர் மேடையின் இரும்பு
பூட்ஸ் வழியே ஏறிச் சுடுகிறது.
"செடியா!"
மலாய்க் கட்டளைக்கு அறுபது ஜோடிக் குதிகால்கள்
ஒரே சத்தமாய்ச் சேர்கின்றன.
பதினோரு வருடமாகியும் அந்தச் சொல்
என் காதில் முதலில் தமிழாகத்தான் விழுகிறது.
செடியா? எந்தச் செடி?

இன்று நிஜமாகவே ஒன்று இருந்தது.
கேப்டன் கோ ஷூ யின் அறையில்
கைப்பிடி போன மைலோ குவளையில்
ஒரு மணி பிளான்ட்.
நன்னீர் இயந்திரம் பழுதாகி
ஆளுக்கு அளந்து கொடுத்த வாரம்
தன் பங்கிலிருந்து அதற்கு ஊற்றினார்.
கதவருகே நின்றிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒப்படைப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.
டீசல், குண்டுகள், பெட்டகச் சாவி,
முரண்டு பிடிக்கும் இரண்டாவது ஜெனரேட்டர்...
ஏழு பக்கம்.
குவளைக்கு வரி இல்லை.

கையெழுத்து. அதன் கீழே இன்னொன்று.
ஊதல் நீண்டு ஒலிக்க
அவர் பாலத்தில் இறங்கினார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
கம்பியைப் பிடித்த கைதான்
விட மறந்து
ஒரு அடி பின்தங்கியது.

கறிபஃப் தட்டுகள் காலியான பிறகு
புதிய கேப்டன் ஸுல்ஃபிகார் கூப்பிட்டார்.
குவளையைக் காட்டினார்.
"இது?"
"பட்டியலில் இல்லை, சார்."
ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு ஊற்றணும்?"

குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன.
"அரைக் குவளை, சார்.
தண்ணீர் இல்லாத நாளிலும்."